என் சோப்பு நுரை மாமா வயலுக்குப் போகுது

எங்க அபார்ட்மென்ட்ல மொத்தம் 24 வீடு. பெங்களூரு சர்ஜாபுர ரோட்ல இருந்து உள்ள ரெண்டு கிலோமீட்டர் வரணும். அசோசியேஷன்ல நான் ட்ரெஷரர். யாருக்கும் வேணாம்னு கெடந்த போஸ்ட் அது, அந்த மீட்டிங்குக்கு நான் லேட்டா போனேன், போறதுக்குள்ள என் பேர எழுதி முடிச்சிட்டாங்க. லிஃப்ட் சர்வீஸ், செக்யூரிட்டி சம்பளம், ஜெனரேட்டர் டீசல்னு கணக்கு இருக்கும்னு நெனச்சு நோட்ட வாங்கிப் பிரிச்சா பாதி நோட்டு டேங்கர் கணக்குதான். தேதி, வண்டி வந்த நேரம், எத்தன லிட்டர், எவ்ளோ ரூவா. அஞ்சு வருஷமா இதத்தான் எழுதிட்டு இருக்கேன், ஆபீஸ்லயும் அக்கவுன்ட்ஸ் வீட்லயும் அக்கவுன்ட்ஸ்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு இஞ்சினியருங்க ஒரு அளவு வெச்சிருக்காங்க, அதுல 45 லிட்டர் வெறும் ஃப்ளஷ்ஷுக்கு. வீட்டுக்கு மூணரை பேர்னு போட்டா எங்க பில்டிங்குக்கு தினம் 11,340 லிட்டர் வேணும். அதாவது பெரிய டேங்கர் ஒண்ணு, ஞாயித்துக்கெழம உட்பட. போர்வெல் நல்லா இருந்த வரைக்கும் பாதி அதுல ஏறும், மீதிய வாங்குவோம். 2024 பிப்ரவரில போர்ல காத்து மட்டும்தான் வந்துச்சு. மோட்டர் போட்டா கொரட்ட விடற மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான்.

அந்த ரெண்டு மாசத்த பெங்களூர்ல இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. டெபுட்டி சிஎம் டி.கே.சிவகுமாரே எங்க வீட்டு போரும் காஞ்சிடுச்சுன்னு சொன்னார். ஊர்ல இருக்கற 13,900 அரசாங்க போர்ல 6,900 வேல செய்யலன்னு கணக்கு வந்துச்சு. குடிக்கிற தண்ணில கார் கழுவினா 5,000 ரூவா ஃபைன்னாங்க. என் நோட்ல பாத்தா ஜனவரில 900 ரூவாய்க்கு எறங்கின 12,000 லிட்டர் வண்டி மார்ச்சுல 2,000 ஆயிருக்கு. அப்புறம் கவர்மென்ட் ரேட் ஃபிக்ஸ் பண்ணாங்க, அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருந்தா 12,000 லிட்டருக்கு 1,000 ரூவான்னு. நான் அந்த பேப்பர் கட்டிங்க வாட்ஸ்அப்ல டேங்கர்காரருக்கு அனுப்பினேன், அவர் ஒரு கும்பிடு எமோஜி போட்டுட்டு மூணு நாள் வண்டியே அனுப்பல. நாலாவது நாள் நானே போன் பண்ணி, அண்ணா நீங்க சொல்றதுதான் ரேட்டுன்னுட்டேன்.

சரி புதுசா போர் போடலாம்னு மீட்டிங்ல முடிவாச்சு. வந்த வண்டியப் பாத்தா டிஎன் 34, திருச்செங்கோடு. இந்தியாவுல எங்க பூமிய ஓட்ட போட்டாலும் திருச்செங்கோட்டு வண்டிதான் நிக்கும்னு சும்மா சொல்லல. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சாங்க. பால்கனில எல்லாரும் நின்னு ஏதோ பிரசவத்துக்கு காத்திருக்கற மாதிரி பாத்துட்டு இருக்கோம். அறுவது அடி வரைக்கும் செம்மண்ணு, அப்புறம் பாற. 400, 600, 900. வெறும் வெள்ளப் புழுதி. டிரில்லர் தம்பிக்கு இருவத்தஞ்சு வயசு இருக்கும், நான் தமிழ்னு தெரிஞ்சதும் கிட்ட வந்து, "ஏனுங்கக்கா, இன்னும் நூறடி ஓட்டிப் பாக்கட்டுங்களா, இல்ல நிறுத்திக்கறீங்களா?"ன்னான். நூறடிக்கு எவ்ளோன்னு எனக்குத்தான தெரியும். ஓட்டுப்பான்னேன். 1,150 அடில நிறுத்தினோம். தண்ணி இல்ல. வீட்டுக்கு இருவதாயிரம் சொச்சம் போச்சு, விடிஞ்சு பாத்தா பார்க்கிங்ல இருந்த அத்தன காரும் பூசாரி விபூதி அடிச்ச மாதிரி வெள்ளையா நிக்குது.

அந்த தம்பி போறப்ப சொன்னதுதான் எனக்கு மண்டைல நின்னுச்சு. "மேல அறுவதடி மண்ணு இருக்குல்லங்கக்கா, அதுலதான் மழத் தண்ணி நிக்கும். கீழ பாறைல வெடிப்பு இருந்தா உண்டு, இல்லீன்னா இல்ல. அது லாட்டரிங்க." அவன் சொன்னத அப்புறம் படிச்சுப் பாத்தா அப்படியே சரி. பெங்களூருக்கு அடில கெட்டிப் பாற. மேல இருக்கற சிதைஞ்ச மண்ணுதான் ஸ்பாஞ்சு மாதிரி மழைய பிடிச்சு வெக்கும், கெணத்துக்கு அந்தத் தண்ணி போதும். நாம மேல இருக்கற ஸ்பாஞ்ச சிமென்ட் போட்டு மூடிட்டு ஆயிரம் அடி கீழ போய் பாறைய நக்கிட்டு இருக்கோம்.

இந்த ஊருக்கு ஆறு கெடையாதுங்கறத நெறைய பேர் யோசிக்கறதே இல்ல. கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்கும் அதிகமா ஒரு மேட்டு முதுகுல ஒக்காந்திருக்கு ஊரு. முதுகுன்னா நெசமாவே முதுகு, மேற்கால விழற மழ விருஷபாவதில எறங்கி அர்க்காவதி போய் மேகதாட்டுக்குப் பக்கத்துல சங்கமத்துல காவேரில சேரும். கெழக்கால விழறது ஏரி ஏரியா எறங்கி, பெள்ளந்தூரு, வர்த்தூரு தாண்டி தட்சிண பினாகினில சேரும். அந்த ஆறு பார்டர் தாண்டினா பேரு தென்பெண்ணை. எப்படி உருண்டாலும் கடைசில தமிழ்நாடுதான். மேல உக்காந்திருக்கறவன் கால் கழுவினா கீழ இருக்கறவன் மேலதான விழும்.

ஆறு இல்லாத ஊர்ல, ஊர உண்டாக்கின கெம்பேகவுடா காலத்துல இருந்து ஏரி வெட்டித்தான் பொழச்சாங்க. ஒண்ணு ரொம்பினா அடுத்ததுக்குப் போற மாதிரி சங்கிலி, நடுவுல ராஜகால்வாய்னு மழத் தண்ணி போற பெரிய வாய்க்கா. தர்மாம்புதி ஏரி இருந்த எடத்துலதான் இப்ப மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிடுச்சு. ஏரிய விட்டதும் ஊருக்கு வெளிய போய் தண்ணி எடுக்க ஆரம்பிச்சாங்க. 1894ல ஹெசரகட்டா. அது பத்தலன்னு 1933ல திப்பகொண்டனஹள்ளி. ரெண்டும் அர்க்காவதி மேல, ரெண்டையும் அப்புறம் நம்ப முடியாம போச்சு. 1974ல காவேரி. நூறு கிலோமீட்டர் தூரம், ஏறக்கொறைய 500 மீட்டர் ஒயரம், தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனின்னு மூணு எடத்துல பம்ப் போட்டு ஏத்தணும். குழாய தொறந்தா வர்ற தண்ணில பாதி கரன்ட்டுன்னு வெச்சுக்கோங்க. இப்ப அதுவும் பத்தலன்னு மேற்குத் தொடர்ச்சி மலைல இருந்து ஷராவதியக் கொண்டு வரலாமான்னு பேச்சு வேற வந்துட்டுப் போச்சு.

ஏன் இவ்ளோ பெருசாச்சுன்னு கேட்டா எல்லாரும் ஐடின்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. அது பாதிதான் உண்மை. 1809ல கன்டோன்மென்ட் வந்தப்பவே மெட்ராஸ் பட்டாளத்தோட நம்ம ஆளுங்க அல்சூர், சிவாஜி நகர்னு வந்து ஒக்காந்துட்டாங்க. 1940ல ஏரோப்ளேன் செய்யற ஹெச்ஏஎல், 1948ல டெலிபோன் செய்யற ஐடிஐ, அப்புறம் ஹெச்எம்டி, பிஇஎல்னு பெரிய பெரிய ஃபேக்டரிங்க. 1941ல நாலு லட்சம் சொச்சம் இருந்த ஜனம் 1951ல ஏறக்கொறைய எட்டு லட்சம், அப்ப கம்ப்யூட்டர யாரு பாத்தா? 1985ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது, அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2011 சென்சஸ்ல 84 லட்சம்.

ஆனா ஆபீஸ் கட்டினா மட்டும் ஊர் பெருசாகாது, அத கட்டறதுக்கு ஆளு வேணும். எங்கப்பா காவேரிப்பட்டணம் பக்கம் மானாவாரி நெலத்த வெச்சுட்டு மூணு வருஷம் மழ பாத்தார், பெய்யல, 1986ல கொத்தனார் வேலைக்கு இங்க பஸ் ஏறிட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ல இருந்து அப்படி ஏறினவங்க எத்தன பேர். மழ பொய்ச்ச ஊர்க்காரங்க வந்து கட்டின ஊருல இப்ப தண்ணி இல்ல, இத எங்கப்பாகிட்ட சொன்னா சிரிப்பார்.

அப்புறம் ரெவின்யூ சைட்டு. இத சொல்லாம பெங்களூர் வளந்த கதைய சொல்லவே முடியாது. விவசாய நெலத்த கன்வர்ஷன் பண்ணாமலே முப்பதுக்கு நாப்பதுன்னு கல்லு நட்டு வித்தாங்க. பி-கத்தா, அதாவது முறையான அங்கீகாரம் இல்லாத சொத்துன்னு பதிவு, லோன் கெடைக்காது, டிரெய்னேஜ் கெடையாது, ஆனா வெல பாதி. எங்கள மாதிரி ஆளுங்க வேற எங்க வாங்க முடியும்? 2007ல ஏழு நகரசபை, 110 கிராமத்த சேத்து பிபிஎம்பின்னு ஒரே பெரிய மாநகராட்சியா ஆக்கினாங்க. சர்ஜாபுர ரோட்டு ஓரம் அதுலதான் வருது. வரி ரசீது ஒடனே வந்துடுச்சு. இந்த 110 கிராமத்துக்கான காவேரி குடிதண்ணித் திட்டத்தோட அஞ்சாம் கட்டம் தொறந்தது 2024 அக்டோபர்ல. நடுவுல பதினேழு வருஷம் டேங்கர். இப்ப பிபிஎம்பியும் போய் 2025ல கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டி, அஞ்சு கார்ப்பரேஷன்னு ஆயிடுச்சு, நாங்க எந்த கார்ப்பரேஷன்னு இன்னும் வாட்ச்மேன் அண்ணனுக்கு கொழப்பம்.

டிராஃபிக் பத்தி நான் எழுதப் போறதில்ல. சில்க் போர்டு ஜங்ஷன் பத்தி எழுதாத ஆளே இந்த ஊர்ல இல்ல.

போர் ஃபெயிலான அந்த வருஷம் நாங்க பண்ண ஒரே புத்திசாலித்தனமான காரியம் கெணறு வெட்டினது. மண்ணு வட்டர்னு ஒரு சமூகம், பரம்பரையா கெணறு வெட்டறவங்க, நம்ம பக்கம் ஒட்டர்னு சொல்வோம்ல, அவங்கதான். கப்பன் பார்க்ல மூடிக் கெடந்த பழைய கெணறுகள தூர் வாரி தண்ணி கொண்டு வந்ததும் அவங்கதான். நாலு பேர் வந்தாங்க, மெஷின் கெடையாது, கடப்பாரையும் கூடையும் கயிறும். பார்க்கிங் மூலைல முப்பது அடி, சிமென்ட் ஒற எறக்கி, மொட்ட மாடி பைப்ப அதுல விட்டாச்சு. போருக்கு போட்டதுல பத்துல ஒரு பங்கு கூட செலவாகல. 2024 மழைக்கு பன்னண்டு அடி தண்ணி நின்னுச்சு. தெனம் காலைல ஒரு பெரியவர் வந்து எட்டிப் பாத்துட்டு கும்பிட்டுட்டுப் போவார்.

ஆனா அக்கவுன்ட்ஸ்காரி புத்தி சும்மா இருக்குமா. மழநீர் சேகரிச்சா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களுக்காக ஒரு கணக்கு. பெங்களூர்ல வருஷத்துக்கு 970 மில்லிமீட்டர் கிட்ட பெய்யும். எங்க மொட்ட மாடி 6,000 சதுர அடி, ஒரு சொட்டு விடாம பிடிச்சாலும் அஞ்சரை லட்சம் லிட்டரு கூட வராது, அதாவது 45 டேங்கர். எங்களுக்கு வருஷத்துக்கு வேண்டியது 345. அதே 30க்கு 40 சைட்ல ஆயிரம் சதுர அடி கூரைல நாலு பேர் இருந்தா அவங்க தேவைல ஏறக்கொறைய பாதி வானத்துல இருந்தே வந்துடும். மாடி மேல மாடி அடுக்க அடுக்க ஆளு ஏறுதே ஒழிய கூரை அதேதான். அபார்ட்மென்ட்ல இருந்தாதான் எடம் மிச்சம், ரோடு மிச்சம், அதான் சஸ்டெயினபிள்னு சொல்றாங்க, ஒத்துக்கறேன், ஆனா தண்ணி விஷயத்துல அந்தக் கணக்கு வேற மாதிரி. அங்க மிச்சம் பண்ணணும்னா ஒரே வழி அந்த 45 லிட்டர் ஃப்ளஷ், அதுக்கு சுத்திகரிச்ச தண்ணி விடணும். அதுக்கு ரெட்ட பைப் வேணும். எங்க பில்டர் போடல. கட்டின பில்டிங்ல இப்ப போடறதுக்கு கொட்டேஷன் வாங்கினேன், மீட்டிங்ல படிச்சேன், ஒருத்தரும் வாய தொறக்கல, டீ குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

2025 கோடைல எங்களுக்கு காவேரி கனெக்ஷன் வந்துச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியக்காலம் நாலு மணிக்கு. வால்வ் தெறக்கறவர் நம்பர என் போன்ல சாமி பேருக்கு மேல வெச்சிருக்கேன். முன்ன ஏரிக்கு நீர்கண்டின்னு ஒரு ஆளு இருப்பார்ல, எந்த வயலுக்கு எவ்ளோ நேரம் மடை தெறக்கணும்னு முடிவு பண்றவர், அவரோட வாரிசு இவர்தான். சம்ப்ல தண்ணி விழற சத்தம் கேட்ட அன்னிக்கு கேசரி பண்ணாங்க, பொய் சொல்லல. ரெண்டே மாசம், கெணத்த யாரும் எட்டிப் பாக்கறதில்ல, மேல கம்பி வலைல யாரோ ஃப்ளவர் பாட்டு வெச்சிட்டாங்க, பி-பிளாக்ல கார் கழுவ ஹோஸ் பைப் மறுபடி வெளிய வந்துடுச்சு.

இங்கதான் மாமா வர்றார். என் தாய்மாமா. அம்மா ஊரு ஓசூர் தாண்டி, கெலவரப்பள்ளி டேமுக்கு கீழ வாய்க்கா பாசனம். தக்காளி, முட்டக்கோஸ், புதினா, கொத்தமல்லி. காவேரி வந்த சந்தோஷத்துல அவருக்கு போன் பண்ணி சொன்னேன். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "நல்லதும்மா. அப்ப இங்கயும் ஜாஸ்தி வரும்"னார்.

எனக்கு மொதல்ல புரியல. அப்புறம் ஒறச்சுச்சு. வீட்டுக்குள்ள வர்ற தண்ணில நூத்துக்கு எம்பது சாக்கடையா வெளிய போகும், இதுவும் இஞ்சினியருங்க கணக்குதான். அஞ்சாம் கட்டத்துல ஊருக்கு தினம் 77.5 கோடி லிட்டர் கூட வருது. அப்ப 62 கோடி லிட்டர் கூட வெளிய போகணும். எங்க? வர்ற பைப்புக்கு மேள தாளம், மந்திரிங்க, ஃபோட்டோ. போற பைப்புக்கு யார் ரிப்பன் வெட்டினாங்க?

எங்க பில்டிங் கதையே எடுத்துக்கோங்களேன். செப்டிக் டேங்க்னு பிளான்ல இருந்துச்சு, நாங்களும் நம்பிட்டு இருந்தோம். அடைப்பு எடுக்க வந்த பிளம்பர்தான் சொன்னார், மேடம் இது டேங்க்ல நிக்கல, அந்தப் பக்கம் ராஜகால்வாய்க்கு ஒரு ஆறு இஞ்ச் பைப் போகுதுன்னு. பில்டர் ராத்திரியோட ராத்திரியா சொருகிட்டுப் போயிருக்கார். அத தெரிஞ்சுக்கிட்ட நாங்க என்ன பண்ணோம்? ஒண்ணும் பண்ணல. டிரெய்னேஜ் லைன் எங்க ரோட்டுக்கு வர்ற வரைக்கும் ரெண்டு வருஷம் கமுக்கமா இருந்தோம். அந்த ரெண்டு வருஷ செலவுக் கணக்கும் என் நோட்லதான் இருக்கு, அந்த பைப்புக்கு மட்டும் பைசா செலவில்ல.

பெள்ளந்தூர் ஏரி 2017லயும் 2018லயும் தீப்பிடிச்சு எரிஞ்சது, வர்த்தூர்ல நுரை ரோட்டுக்குப் பறந்தது, இதெல்லாம் டிவில பாத்திருப்பீங்க. அந்த நுரை அப்புறம் எங்க போச்சுன்னு டிவிக்காரங்க காட்ட மாட்டாங்க. கெலவரப்பள்ளில ஷட்டர் தெறந்தா ஆத்துல பனிமல மாதிரி நிக்கும். ரோட்ட மூடிட்டு பஸ்ஸ நிறுத்தி வெச்சதெல்லாம் உண்டு. மாமா வயல் வாய்க்கால்ல கை வெச்சா வழுவழுங்கும், சாயங்காலம் அரிப்பு எடுக்கும்பார். "நீ தலைக்கு என்னம்மா ஷாம்பு போடற? இங்க வாசம் வருது"ன்னு ஒரு தடவ கிண்டலா கேட்டார், நான் சிரிச்சிட்டேன், அவரும் சிரிச்சார், ஆனா அதுக்கு மேல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல.

நியாயமா ஒண்ணும் சொல்லணும். சாக்கடைய சுத்திகரிச்சு 2018ல இருந்து கோலார் ஏரிகளுக்கு பம்ப் பண்றாங்க, கேசி வேலி திட்டம், காஞ்சு கெடந்த ஏரில தண்ணி நிக்குது, சுத்தி இருக்கற போர் எல்லாம் ஏறியிருக்குன்னு அங்க இருக்கறவங்க சொல்றாங்க. இன்னும் ஒரு கட்டம் கூட சுத்தம் பண்ணிட்டு விடணும்னு எதிர்க்கறவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா அதுலயும் ஒரு சிக்கல். நல்லா சுத்தம் பண்ண தண்ணிய கோலாருக்கு ஏத்திட்டா பெண்ணையாத்துல எறங்கறது என்ன, மிச்சம் மீதி தான? மாமாவுக்கு தண்ணி வந்தா நுரை, வரலன்னா காஞ்ச நெலம். இதுல எது வேணும்னு அவர்கிட்ட யாரும் கேக்கல.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. மாமா வீட்டுக் குழாய்ல குடிக்க வர்றது ஒகேனக்கல் தண்ணி. அதுவும் காவேரிதான், நாங்க எடுக்கற எடத்துக்கும் கீழ, விருஷபாவதி கலந்ததுக்கும் கீழ. 2018ல சுப்ரீம் கோர்ட் பெங்களூர் குடிதண்ணிக்குன்னு 4.75 டிஎம்சி தனியா ஒதுக்கிச்சு. அதுக்கு முன்ன காவேரி நடுவர் மன்றம் இந்த ஊர்ல மூணுல ஒரு பங்குதான் காவேரிப் படுகைல இருக்குன்னு பாத்து கணக்கு போட்டிருந்தது. எங்க சர்ஜாபுர ரோடு அந்த ஒரு பங்குல வராது, இது பெண்ணையாத்து சரிவு. ஒரு ஆத்துல எடுத்து இன்னொரு ஆத்துல கொட்டறோம். அந்தத் தீர்ப்பு அன்னிக்கு நான் எந்தப் பக்கம் இருக்கணும்னே எனக்குத் தெரியல. 2016ல காவேரி கலவரத்துல பஸ் எரிஞ்ச அன்னிக்கு ஆபீஸ்ல போன்ல கூட தமிழ்ல பேசாம இருந்தவ நான், ஆனா சம்ப் ரொம்பணும்னு வேண்டிக்கிட்டவளும் நான்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அத்த ஒரு பை நெறைய புதினா கட்டிக் குடுத்தாங்க. அவங்க விக்கறதும் மடிவாளா மார்க்கெட்டுக்குத்தான் வருது, நாம காசு குடுத்து வாங்கறதும் அதான். வீட்டுக்கு வந்து உப்பு போட்டு மூணு தடவ அலசினேன். அலசின தண்ணி சிங்க்ல எறங்கறத பாத்துட்டே நின்னேன், இது மறுபடி அங்கதான போகுதுன்னு. சட்னி நல்லாத்தான் இருந்துச்சு.

நேத்து மாமா மறுபடி போன் பண்ணார். பெரியவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டில வேல கெடச்சிருக்காம். மெட்ரோ வந்துடுச்சே மாமா, அத்திப்பள்ளி வரைக்கும் பஸ், அப்புறம் பொம்மசந்திரா, வீட்ல இருந்தே போகட்டுமேன்னேன். இல்லம்மா, ஷிப்ட் வேலயாம், அங்கயே ரூம் எடுக்கணுமாம், நெலத்துல எறங்க மாட்டேங்கறான், நானும் கூப்பிடலன்னார். வாடக பன்னண்டாயிரத்துக்குள்ள பாக்கச் சொன்னார். போன வெக்கப் போறப்ப, "பாப்பா, ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, காவேரி கனெக்ஷன் இருக்கற வீடா பாரு, அவனுக்கு டேங்கர் தண்ணி ஒத்துக்காது"ன்னார்.

மூணு வீடு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணுலதான் காவேரி இருக்கு, பதினாலாயிரம் கேக்கறாங்க.